இரவல் போன சிவபாண்டி

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஹாலாஸ்யம் ஐயா அவர்களே! அறுபத்தொன்பது வயதில் எனக்கு அகரம் சொல்லித்தந்த ஆசிரியை தாமரைச்செல்வி அவர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தெரு நிறைய வந்திருக்கும் பெரியவர்களே! தாய்மார்களே! செல்லூர்க் கால்பந்துக் கழகத்தின் செல்வங்களே! கழகத் தலைவன் காசிமாயன் கைகூப்புகிறேன்.

இது நானே எழுதிய தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். என்ன சொல்கிறீர்கள்? "மெதுவா வாங்கண்ணே, மேட்ச்சு ஏழு மணிக்குத்தான்" என்கிறீர்களா? நல்லது தம்பி!

ரியோ மான்சோ! பராகுவே நாட்டில், ஆற்றோரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு கழகம். செல்வம் உண்டா? இல்லை. செல்வாக்கு உண்டா? அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஓர் ஆட்டக்காரரை வளர்த்துப் பெரிய கழகத்துக்கு விற்றால்தான் அடுத்த ஆண்டு அங்கே பந்து உருளும். அந்தக் கழகத்தின் பயிற்சியாளர் கோவாவில் ஒரு போட்டியில் நம் கழகத்துச் சிவபாண்டியின் ஆட்டத்தைப் பார்த்தார். "அனுப்புங்கள்" என்று கேட்டார்.

விடுவிப்புப் படிவம் வந்தது. வீரர் எவ்வாறு செல்கிறார் என்று ஒரு கட்டம். வங்கியில் வேலை பார்க்கும் பிருந்தா படித்துச் சொன்னார்.

"நிரந்தரமாப் போறார்னு போடணும் ஐயா."

"ஊரை விட்டுக் கிளம்புற பிள்ளைய, போறான்னு எழுதலாமா தாயி? போயிட்டு வருவார்னு போடு."

அவர் அப்படியே ஆங்கிலத்தில் எழுதினார். நான் கையெழுத்திட்டேன். என் வாழ்நாளின் முதல் கையெழுத்து!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள்! நம் ஊரில் அது வழியனுப்பும் சொல். ஆட்டக்காரர் சந்தையில் அதற்குப் பெயர் இரவல்! திரும்பி வருவார் என்றால், இரவலாகத் தந்திருக்கிறோம் என்று பொருளாம். எனக்குத் தெரியுமா? பிருந்தாவுக்குத்தான் தெரியுமா?

ஒன்பது மாதம். பதினான்கு கோல். தலைநகரத்துப் பெரிய கழகம் அவனை வாங்க வந்தது. வெள்ளத்தில் சரிந்த பார்வையாளர் மாடத்தைக் கட்டிவிடலாம் என்று ரியோ மான்சோ மகிழ்ந்தது. காகிதத்தைப் புரட்டினால், சிவபாண்டி செல்லூருக்குச் சொந்தம்! விற்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆட்டக்காரர் பதிவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி; இருப்பது மூன்றே நாள்.

நம் பொருளாளர் அழகுபாண்டி துள்ளினார். "அண்ணே, பேப்பரு நம்ம பக்கம்! நாமளே வித்துருவோம். அம்புட்டும் நமக்குத்தான்!"

"அங்க போயி முழங்கால் வீங்கிக் கெடந்தப்ப அவனுக்கு வைத்தியம் பார்த்தது அவுகளா, நீயா மாப்ள?" என்றேன்.

சிவபாண்டியின் தாய் சோலையம்மாள் ஓடி வந்தார். "ஒங்க இழுபறியில எம்புள்ளைக்கு அந்த எடம் போயிருமேண்ணே!"

அப்போது வந்தது ஓர் அழைப்பு. ரியோ மான்சோவின் தலைவி எர்மீனியா அம்மையார் பேசினார். பக்கத்தில் இருந்த சிவபாண்டி அதைத் தமிழில் சொன்னான். வழக்குப் போடுவேன் என்றாரா? ஏமாற்றினீர்கள் என்றாரா? "நாங்களும் விசாரித்திருக்க வேண்டும். நீங்களே விற்றாலும் சம்மதம். வெள்ளிக்கிழமை தாண்டி அவன் வாய்ப்பை இழக்க வேண்டாம்" என்றார். மாடம் இல்லாத கழகம், ஐயா! மனம் எத்தனை பெரிது பார்த்தீர்களா!

அன்று மாலை நான் தாளை எடுத்தேன். நான்கு தாளைக் கெடுத்தேன். ஐந்தாவதில் என் கையாலேயே எழுதினேன்: "தவறு என்னுடையது. சிவபாண்டி ரியோ மான்சோவின் ஆட்டக்காரர்." முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், கழக முத்திரையை எடுத்துவந்து அதில் குத்தியவர் அழகுபாண்டிதான். அவருக்குக் கைதட்டுங்கள்! இன்னும் பலமாக!

வெள்ளிக்கிழமைக்குள் பதிவு முடிந்தது. விற்ற பணத்தில், முதலில் அவனை வளர்த்த கழகத்துக்கு உரிய பங்கு, நாம் கேட்கும் முன்பே செல்லூருக்கு வந்து சேர்ந்தது.

இன்று அந்தப் பெரிய கழகத்துக்காக சிவபாண்டி முதன்முதலாகக் களம் இறங்குகிறான். அங்கே அது காலை ஆட்டம், நமக்கு மாலை. எதிர்த்து ஆடுவது யார் தெரியுமா? ரியோ மான்சோ!

யாருக்குக் கைதட்டுவது? பெற்ற பிள்ளைக்கா? பேணி வளர்த்த கழகத்துக்கா? முன்வரிசையில் இருக்கும் சோலையம்மாளையே கேட்டேன்.

"எம்மகன் ரெண்டு கோல் போடட்டும்ணே. அந்தம்மா டீமு மூணு போடட்டும்!"

இதுதான் தீர்மானம்! இதுதான் செல்லூரின் நன்றி! பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், கடல் கடந்த அந்தக் கழகத்துக்கும் என் வணக்கம். விளக்கை அணையுங்கள், திரையைப் போடுங்கள்!