கைராசிக்காரர் பொருத்திய பிளக்

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். ஊரிலிருக்கிற இயந்திரத்தையெல்லாம் சரிபார்க்கிறவன் வீட்டில் ஒரு நாற்காலி நேராக நிற்காது. என் மனைவி சௌந்தரம் இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். இன்றைக்கு அவள் வாலாஜாவில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், அதனால் டீ என் கையால்தான். சுமாராகத்தான் இருக்கும். என் கைராசி அடுப்பங்கரை வரைக்கும் வராது.

நீங்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். பிட்டர் தனகோடி செத்துப்போன விஷயமாக, பம்பைப் பொருத்தியவன் என்ற முறையில் இந்தச் செங்கல்வராயனிடம் கையெழுத்து வாங்க வந்திருக்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். மனசில் வைத்துக்கொண்டு சோறு இறங்கவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நன்றாகவே இறங்குகிறது, என் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். உண்மை உண்மையாக இருக்கட்டுமே என்றுதான் சொல்கிறேன்.

எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிற டேனரிகளில் வெளிநாட்டு இஸ்திரி பிரஸ்கள் வந்து இறங்கின. பதப்படுத்திய தோலைச் சூடான தகட்டுக்கு அடியில் வைத்து அழுத்தினால் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு வரும். அந்த அழுத்தமெல்லாம் பக்கத்திலிருக்கிற ஹைட்ராலிக் பம்பிலிருந்து வருகிறது. கட்டைவிரல் நுனியில் ஒரு கறவை எருமை ஏறி நின்றால் எப்படியோ, அந்தப் பம்புக்குள் எண்ணெய் அப்படி நிற்கும்.

பம்பின் உடம்பில் எண்ணெய் போய்வரத் துளைகள் உண்டு. துளையின் வாயை அடைப்பது மரை வெட்டிய எஃகுப் பிளக். அடியில் செம்பு வாஷர் போட்டு, இறுக்கி, ஓரத்தில் உளியால் ஒரு குத்துக் குத்திவிட்டால் அதிர்வில் கழலாது. கழற்ற வேண்டுமானால் மோட்டாரை நிறுத்த வேண்டும். அழுத்தத்தை இறக்கி, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததைப் பார்த்துவிட்டு, குத்தைச் சீவி, ஸ்பேனரால் கால் திருப்புத் திருப்பி, பக்கவாட்டில் நின்று எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வேலை தெரிந்த எவனும் செய்யலாம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். பிளக்கும் பம்பின் உடம்பும் சேருகிற கோட்டில், பாதி இதிலும் பாதி அதிலுமாக, ஊசி பருமனுக்குத் துளை போட்டு ஒரு பொடி ஸ்க்ரூவை இறக்குவேன். அதன் தலையை அராவி மட்டம் செய்து, மேலே ஈயம் வைத்து மூடி, அதன்மேல் எல்லாரும் குத்துகிற மாதிரி ஒரு குத்து. பார்க்கிறவனுக்கு வெறும் குத்துதான் தெரியும். ஆனால் எந்த மல்லன் வந்தாலும் பிளக் திரும்பாது. ஸ்பேனர்கள் வளைந்தன. ஒரு டேனரியில் இரண்டு பேர் இரும்புக் குழாயை மாட்டித் தொங்கிப் பார்த்து, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்தார்களாம். கடைசியில் ஜீப் என் வாசலுக்கு வரும்.

நான் போய் எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்வேன். ஆபத்து என்பேன். குனிந்து அந்த ஸ்க்ரூவை எடுத்து வாயில் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வேன். பிறகு அவர்களைக் கூப்பிட்டு, எல்லார் கண்ணுக்கும் எதிரில், சாதாரண ஸ்பேனரால் பிளக்கைத் திருகி எடுப்பேன். 'செங்கல்வராயன் கைராசி' என்பார்கள். வாயில் இரும்பு இருப்பதால் பதில் பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டுவேன். அதையும் அடக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள். ஒருமுறை விழுங்கியும்விட்டேன். அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சௌந்தரத்திடம்கூடச் சொல்லவில்லை.

டேனரி முதலாளி நசீர் அகமது சாயபு படித்தவர், பெரிய மனிதர். புது மெஷின் வந்தால் என்னைக் கூப்பிட்டு முதலில் தொடச் சொல்லிவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுவார். அந்த வாழ்க்கை எனக்குச் சௌகரியமாக இருந்தது, மறைப்பானேன்.

தனகோடி குடியாத்தத்துக்காரன். நெசவுக் குடும்பம். பவர்லூமில் கை பழகி, பிறகு இந்தப் பம்பு வேலைக்கு வந்தவன். முப்பது வயதிருக்கும், ஒரு பெண் குழந்தை. அதிகம் பேசமாட்டான். பேசினால் மரியாதையாகப் பேசுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக் காகிதத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தான். உள்ளே என் பொடி ஸ்க்ரூ.

"கோச்சிக்காதீங்கண்ணா," என்றான். "ஆம்பூர் பம்புல இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா எவனாவது பேஜாராயி கேஸ் வெல்டிங்ல சூடு காட்டி அடிச்சான்னா இன்னா ஆவும்? நீங்களே ஒண்ணொண்ணா எடுத்துருங்கண்ணா. நானும் கூட வர்றேன்."

நான் சிரித்தேன். விளையாட்டாகச் செய்தது, எடுத்துவிடலாம் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கறிக்குழம்பு. சௌந்தரம் பரிமாறிக்கொண்டே, "இன்னா தம்பி, உங்க அண்ணன் கைராசி உங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று கேலி செய்தாள்.

அவன் இலையைப் பார்த்துக்கொண்டே, "அது அண்ணனுக்குத்தான் அண்ணி. நமக்கு ஸ்பேனர்தான்," என்றான்.

ஐயா, அவன் போய் ஊரெல்லாம் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பொறாமைக்காரன் என்று திட்டியிருப்பேன், ஆளுக்கு ஆள் கட்சி சேர்ந்திருப்பார்கள், பொழுது போயிருக்கும். அவன் சொல்ல மாட்டான். அதுதான் கஷ்டம். இனி எந்த டேனரி வாசலில் ஜீப்பை விட்டு இறங்கினாலும் அவன் ஒரு ஓரமாக நின்று, எனக்காகக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். என் பொய்யை என்னைவிடப் பத்திரமாக இன்னொருத்தன் வைத்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. கோபமெல்லாம் இல்லை. அவனை எனக்குப் பிடிக்கும்.

ராணிப்பேட்டையில் சாயபுவின் டேனரியில் இருக்கிற பெரிய பிரஸ்ஸில் வாஷர் கசிகிறது என்று நானே சொல்லி, வேலையை நிறுத்தச் செய்தேன். வெள்ளிக்கிழமை மதியம், பிரஸ் ஓட்டுகிற ஆபித் பாஷாவும் மற்றவர்களும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். ஷெட்டில் நானும் மின்விசிறியும்தான்.

பிளக்கை எடுத்து மரையை அராவினேன். முனையில் இரண்டே புரி விட்டேன். திரும்ப வைத்து, பொடி ஸ்க்ரூவை இறக்கி, ஈயம் வைத்து, குத்தினேன். அதாவது, பிளக் நின்றது அந்தப் பொடி ஸ்க்ரூவின் தயவில். பிறகு மீட்டருக்குப் போகிற குட்டி வால்வை மூடினேன். முள் பூஜ்யத்தில் நின்றுவிட்டது. அப்புறம் மோட்டாரைப் போட்டு முழு அழுத்தம் ஏற்றினேன். பம்பை ஒட்டி ஒரு இரும்புக் குடுவை இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். மோட்டாரை நிறுத்தினாலும் அழுத்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாகத் திறந்து இறக்கினால்தான் உண்டு. நான் இறக்கவில்லை. ஒரு துளி எண்ணெய்கூடக் கசியவில்லை ஐயா. கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேறு எந்தப் பிட்டர் வந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஸ்பேனரைப் போட்டுப் பார்ப்பான், திரும்பாது, எனக்கு ஜீப் வரும். அந்தக் குத்துக்குக் கீழே ஸ்க்ரூ இருக்கிறது என்று தெரிந்தவன் மட்டும்தான் ஈயத்தைச் சுரண்டுவான். அது தெரிந்தவன் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் சேர்த்து ஒரே ஆள். அந்த மட்டில் மற்றவர்கள் விஷயத்தில் நான் ஜாக்கிரதையாகவே இருந்தேன் என்று நினைக்கிறேன்.

தனகோடியைப் பார்த்துச் சொன்னேன். நீ சொன்னது சரி, எடுத்துவிடலாம், சாயபு டேனரியிலிருந்து ஆரம்பிப்போம், ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கலவை ஊரில் ஒரு கல்யாணம், முதல் ஸ்க்ரூவை உன் கையாலேயே எடு என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"குடுவைய எறக்கிட்டீங்களாண்ணா?" என்று கேட்டான்.

"எறக்கிட்டேன். நீ முள்ள மட்டும் பாத்துக்கோ," என்றேன்.

கலவைக்குப் போனேன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆசீர்வாதம் செய்தேன். என் கையால் அட்சதை விழுந்தால் நல்லது என்று பெண்ணின் தாயார் இழுத்து முன்னால் நிறுத்தினாள். பாயசம் இரண்டு தரம் வாங்கிக்கொண்டேன். பந்தி முடிந்து கை கழுவும்போது சாயபுவின் ஜீப் வந்து நின்றது. பழக்கதோஷம், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பின் சீட்டில் ஆபித் பாஷா அழுதுகொண்டே வந்தார். ஆற்காடு தாண்டுகிறவரை அவர்தான் பேசினார், நான் 'ம்' கொட்டினேன். தனகோடி மீட்டரைப் பார்த்தானாம். விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தானாம். சாக்கை விரித்துப் பம்புக்கு எதிரில் உட்கார்ந்து, கடிகாரக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்தானாம். ஆபித் எட்டிப் பார்த்திருக்கிறார்.

"நீங்க வெளிய இருங்க பாய்," என்றானாம். "அண்ணன் கைராசி எனக்கும் வருதான்னு பாக்கறேன். கூட ஆள் இருந்தா பலிக்காது."

என் ரகசியத்தை ஆபித் பார்த்துவிடக் கூடாதே என்று அனுப்பியிருக்கிறான் ஐயா. ஆபித் கதவைத் தாண்டினாராம், சத்தம் கேட்டதாம். அதனால்தான் ஆபித்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர் நாலு பிள்ளைக்காரர். ஒரு நல்லதும் நடந்திருக்கிறது என்று ஜீப்பில் வரும்போது எண்ணிக்கொண்டேன்.

ஷெட்டுக்குள் போனபோது அவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். எடுத்துப் போக அவசரம் ஒன்றும் இருக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. பிளக் அவன் நெற்றி வழியாகப் போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஓட்டை போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தது. எல்லாரும் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே பார்த்து, மீட்டரின் குட்டி வால்வைத் திறந்துவைத்தேன். சாயபு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உன் கை பட்டிருந்தா இப்டி ஆயிருக்காது செங்கல்வராயா," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அன்றைக்கு வாயில் ஒன்றும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் அதையும் மெச்சினார்கள். மறுநாளிலிருந்து வாணியம்பாடியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. கைராசிக்காரர் தொட்டால்தான் உண்டு என்கிறார்கள். இத்தனை கிராக்கி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

தனகோடியின் பெண்சாதியைப் போய்ப் பார்த்தேன். குழந்தை தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தது. "உங்களப் பத்தி ஒரு நாளும் கம்மியா பேசினதில்லண்ணா அவரு," என்றாள் அவள். எனக்குத் தெரியும் என்றேன்.

எதற்காக இதையெல்லாம் சொல்கிறான் இந்தக் கிழவன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நியாயம்தான். நீங்கள் எழுதிக் கொண்டுவந்ததில் கையெழுத்துப் போட்டால் எனக்கு ஒரு கண்டிப்போடு தீர்ந்தது, விபத்து என்று முடிந்துபோகும். அதையும் வாசலில் வைத்தே சொன்னீர்கள், நல்ல மனசு உங்களுக்கு. தனகோடிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேச ஆரம்பித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் நீங்கள் படித்துக் காட்டியதில் ஒரு வரி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. பிளக் சரியாகப் பொருத்தப்படவில்லை, பொருத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், நானே செய்தேன், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள் ஐயா. இத்தனை வருஷத்தில் அவ்வளவு கவனமாக நான் வேறு எந்தப் பிளக்கையும் பொருத்தியதில்லை.