கணக்கில் சேராத மழை

"இந்த மழையத் தப்புன்னு தள்ளுனதே நான்தாண்ணா."

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், என் முன்சீட்டில் சொட்டச் சொட்ட நனைந்து உட்கார்ந்திருந்தவர் சொன்னார். பக்கத்திலிருந்த கம்பெனிச் சீருடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மழையத் தள்ளுனியா? எப்புடி தம்பி?"

"பெங்களூர்ல வானிலை கணிக்கிற வேலை எனக்கு. சேட்டிலைட் அனுப்புற தகவலக் கம்ப்யூட்டர் கணக்குல சேர்ப்போம். அது எங்க கணக்கோட ரொம்ப வித்தியாசப்பட்டா, தப்புன்னு தள்ளிடச் சொல்லி ப்ரோக்ராம் எழுதுனது நான். நேத்து பாரூர் மேல அவ்ளோ ஈரம்னு சேட்டிலைட் காட்டுச்சு. ப்ரோக்ராம் தள்ளிடுச்சு."

"தள்ளுனா என்ன?"

"எங்க ஊரே பாரூர்தாண்ணா. களத்துல நெல்லு காயுது. காலைல அப்பா போன் பண்ணி, அள்ளிடட்டுமான்னு கேட்டாரு. மழையே கெடையாது, காயட்டும்னு அடிச்சுச் சொன்னேன். படிச்சவன் பாருங்க! இப்ப ஈர நெல்லக் கிளறப் போறேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. பேசி முடித்தவர் போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"என்னாச்சு?"

"நெல்லு நனையலயாம். காலைலயே அள்ளிட்டாராம் அப்பா."

"நீதான் வேண்டாம்னு சொன்னியே?"

"வானத்தப் பாத்தாராம். நான் சொன்னது அதோட ரொம்ப வித்தியாசப்பட்டுச்சாம். என்னையத் தள்ளிட்டாரு."