மயில்கழுத்து நிறக் கூட்டு

தலைமை ஏற்றிருக்கும் அன்னதானக் குழுத் தலைவர் ஆதிமூலம் ஐயா அவர்களே! கிரிவலம் வருவோரின் பசியாற்றும் பெரியோர்களே! வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அடி அண்ணாமலைத் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் கீழ்பென்னாத்தூர் கஸ்தூரியின் மகள் எழிலரசி. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள், வேதியியல் படித்தவள். மேடை எனக்குப் புதிது. ஆனாலும் இன்று நான் பேசாவிட்டால், அம்மா பயிரிட்ட அரை ஏக்கர் ஊதா முட்டைக்கோசை நாளைக் காலை டிராக்டர் விட்டு உழுதுவிடுவோம். வாங்க ஆளில்லை!

ஏன்? சென்ற பௌர்ணமிப் பந்தியில் எங்கள் கோசில் செய்த கூட்டு, மயில்கழுத்து நிறமானது. சாயக் காய் என்றார்கள். இலையோடு எறிந்தார்கள். சந்தைக்குப் போனால், "இன்னாம்மா, இன்னிக்கு இன்னா கலர் அடிச்சிக்கினு வந்த?" என்று அம்மாவைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

சாயமா? ஆம், சாயம்தான்! பொறுங்கள், பொறுங்கள். செடி தானே செய்துகொண்ட சாயம்! தக்காளியைச் சிவப்பாக்குவது லைகோபீன். கேரட்டுக்கு நிறம் கொடுப்பது கரோட்டின். இரண்டும் எண்ணெயில் இறங்கும், தண்ணீரில் இறங்காது. ஊதாக் கோசில் இருப்பது ஆந்தோசயனின். அது தண்ணீரில் கரையும். புளிப்பு பட்டால் சிவக்கும். சோடா உப்பு பட்டால் நீலமாகும், பச்சையாகும்.

இதோ, கோசு வெந்த தண்ணீர், இரண்டு டம்ளர். இதில் எலுமிச்சை: சிவப்பு! இதில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா: பாருங்கள், அதே மயில்கழுத்து!

என்ன ராஜேந்திரன் அண்ணே? "வித்தை காட்ட வந்துட்டியா"வா? மேலே வாருங்கள், நீங்களே பிழிந்து பாருங்கள். பூச்சிமருந்து அடித்திருந்தால் என்கிறீர்களா? இந்தச் சோதனை அதைக் காட்டாது, உண்மைதான். அதற்கு எங்கள் தோட்டம் திறந்திருக்கிறது, வந்து பாருங்கள்.

சமையல் மாஸ்டர் அர்ஜுனன் மாமா, உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று கூட்டில் சோடா போட்டீர்களா?

சத்தம் வேண்டாம், அவர் பேசட்டும்.

உரக்கச் சொல்லுங்கள் மாமா. "போட்டேம்மா. கும்பல் ஜாஸ்தி, அடுப்பு கம்மி. பருப்பு சீக்கிரம் வேகணுமேனு ஒரு கை போட்டேன். பயந்துக்கினு இத்தினி நாளு சொல்லல."

கேட்டீர்களா? பசித்தவர் காத்திருக்கக் கூடாதென்று போட்ட சோடா! அதுவா குற்றம்? நிறத்தைப் பார்த்தோம், காரணத்தைப் பார்த்தோமா? காயைச் சந்தேகித்தோம், கேள்வி கேட்டோமா? கேட்காமலே ஒரு பெண்ணின் உழைப்புக்குப் பழி சொன்னோமே, அது குற்றம் இல்லையா?

வரும் பௌர்ணமிக்கு அதே கோசைச் சோடா இல்லாமல் சமையுங்கள். முதல் இலையில் நானும் அம்மாவும் உட்காருகிறோம். அடுத்த இலை யாருக்கு?

அர்ஜுனன் மாமா கையைத் தூக்குகிறார். அங்கே ஒரு அக்கா. இன்னும் இரண்டு பேர். ராஜேந்திரன் அண்ணே, நீங்களுமா!

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றியும் வணக்கமும். தலைவர் ஐயா, டிராக்டர்காரருக்கு நான் என்ன சொல்லட்டும்? இதோ மைக்.