ஐந்தாம் பக்கத்தை மறைக்காதவருக்கு

வாவியோர வளாகத்தில் முப்பத்தோராண்டு வெண்கட்டிப் பொடியில் விரல் வெளுத்தவரே! காத்தான்குடி ஈன்ற கணிதக் கருவூலமே! இன்று ஓய்வுபெறும் சிரேஷ்ட விரிவுரையாளர் கலாநிதி சித்தி நபீஸா அம்மையாரே! எங்கள் வணக்கமும் ஸலாமும்.

கேள்வியால் எம்மைக் கடைந்தெடுத்தவரே!

"அது எப்படி வந்த?" என்ற உங்கள் ஒற்றைக் கேள்விக்கு நடுங்காதவர் இத்துறையில் இல்லை. வியாழக்கிழமைக் கருத்தரங்கில் கடைசி வரிசையில் கண்ணை மூடி இருப்பீர்கள். தூங்குகிறீர்கள் என்று நம்பி நாங்கள் மெல்லத் தாண்டிய வரியிலேயே அந்தக் கேள்வி வந்து விழும்.

அலகில்லா இடத்துக்கு அலகு தேடியவரே!

எண்களில் ஒன்று என்ற அலகு உண்டு. அந்த ஒன்றால் எதைப் பெருக்கினாலும் அது அதுவாகவே நிற்கும். அலகே இல்லாத அட்சரகணிதங்கள் என்னும் பெருக்கல் அமைப்புகளும் உண்டு. அங்கே உறுப்புகளான மூலகங்களின் வரிசையொன்றைத் தேடுவார்கள். வரிசையில் முன்னேற முன்னேற, அவற்றால் ஒரு மூலகத்தைப் பெருக்கிய விடை அந்த மூலகத்தையே நெருங்கிக்கொண்டு வரும். அண்ணளவு அலகு என்பது அதற்குப் பெயர். அவ்வரிசையை நேர் மூலகங்களைக் கொண்டே அமைக்கலாமா என்பது உங்கள் வாழ்நாள் வினா. அமைக்கலாம் என்று நீங்கள் எழுதிய கட்டுரையைச் சஞ்சிகையொன்று ஏற்றது. பேராசிரியர் பதவிக்கான நேர்முகமும் அதை நம்பியே இருந்தது.

பிழைக்கு அஞ்சாப் பெருந்தகையே!

உங்களிடம் ஆய்வு செய்யும் தற்காலிக விரிவுரையாளர் நிருஷா, சித்தாண்டி வயற்காரர் வீட்டின் முதல் பட்டதாரி, அச்சுப்படியைச் சரிபார்க்கையில் ஐந்தாம் பக்கத்தில் நின்றுவிட்டார். பழகிய அட்சரகணிதங்களில் நேரான அண்ணளவு அலகு கேட்காமலே கிடைக்கும். அந்தப் பழக்கத்தில், கட்டுரை ஆராய்ந்த புதிய பொது வகையிலும் அது உண்டென்று ஒரு வரி, நிறுவல் இல்லாமல் எழுதப்பட்டிருந்தது. இதிலேயே ஊறிக் கிடந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை.

தன் கண்தான் பிழையாக இருக்கவேண்டும் என்று நிருஷா வேண்டிக்கொண்டார். சொன்னால் மிஸ்ஸின் பதவி போகும். சொல்லாவிட்டால் மிஸ் படிப்பித்த கணிதம் போகும். துறைத்தலைவர் மஜீட்டிடம் போனார்.

"இன்டர்வியூ முடியட்டும் தங்கச்சி, பிறகு கதைப்பம். ஐஞ்சாம் பக்கத்த ஆரு பாக்கப் போறா?"

"நான் பாத்திட்டனே சேர்!"

இவ்வரிகளை வெட்டச் சொன்ன தலைவரே இப்போது இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதைச் சபை அறியட்டும்.

"என்ன புள்ள, முகம் கறுத்துக் கிடக்கு?" என்றீர்கள் நீங்கள். நிருஷா பக்கத்தை நீட்டினார். வாசித்தீர்கள். பிறகு உங்களையே பார்த்துக் கேட்டீர்கள்:

"நபீஸா, இது எப்படி வந்த?"

கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தீர்கள். அன்றே கட்டுரையை மீளப் பெற்றீர்கள், நேர்முகத்துக்கும் போகவில்லை. "ஒரு வரிக்காகவா மிஸ்?" என்று நிருஷாதான் ஆத்திரத்தில் அழுதார்.

"ஒரு வரிதான் புள்ள. மற்றதெல்லாம் அதிலதானே நிக்கு."

பட்டத்தினும் உயர்ந்த பண்பே!

கோபத்தோடுதான் சொல்கிறோம்: ஓட்டையை மூடிக் பதவிக் கதிரையில் ஏறியவர்களுக்கு இவ்வுலகில் மாலை குறைவில்லை, உங்கள் கதவுப் பலகையிலோ பேராசிரியர் என்ற சொல் ஏறவில்லை. ஏறாவிட்டால் என்ன? அலகு இல்லாத இடத்தில் அலகின் வேலையைச் செய்வது எது என்று எமக்குக் கற்பித்தவர் நீங்கள்தான்.

அந்த வரியை எப்படியாவது நிறுவி உங்களிடம் கொண்டுவரவே நிருஷா முனைந்தார். கிடைத்ததோ எதிருதாரணம்: அந்த வரி உண்மையாக இருக்கவே முடியாது. அதுவே இன்று அவரது ஆய்வேடு. அடுத்த மாதம் வாய்மொழிப் பரீட்சை. அதில் பிழை இருந்தால் அவருக்கு இந்தத் துறையில் வேலையும் இல்லை.

ஆதலால் அம்மையாரே, உடல் நலமும் உள நிறைவும் ஓங்க, வாவிக் காற்று வாங்கி, நீடு வாழ்க! ஆனால் வியாழக்கிழமைகளில் அந்தக் கடைசி வரிசைக் கதிரை உங்களுடையது. வாருங்கள், கண்ணை மூடி இருங்கள். நிருஷாவின் நிறுவலில் ஓட்டை கண்டால் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

பரீட்சை முடியட்டும் என்று பொறுக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு இன்னும் அஞ்சும்,
கணிதத்துறையினர்