ஜிப்பா பைக்குள் ஜெபமாலை

— கையை வீசி நடய்யா இருதயசாமி! வாக்கிங் வந்துட்டு வலது கையை ஜிப்பா பைக்குள்ளயே வச்சிருந்தா எப்படி?

— வெளிய எடுத்தா ஆடுது வீரையா. குடமுருட்டிப் பாலம் தாண்டட்டும். எங்க தெரு ஆளுங்க வர்றாங்க.

— தஞ்சாவூர் டாக்டரம்மா முடிவா என்னதான் சொன்னாங்க?

— பார்க்கின்சனாம். ஆரம்பந்தானாம். மாத்திரை இப்பவும் ஆரம்பிக்கலாம், கொஞ்ச நாள் பொறுத்தும் ஆரம்பிக்கலாம், அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருக்கான்னு பாத்து நீங்களே சொல்லுங்கன்னாங்க. உடற்பயிற்சிய மட்டும் விடவே கூடாதாம். மாத்திரைச் சீட்டும் எழுதிக் குடுத்தாங்க, நான்தான் பயிற்சியே போதும்னுட்டேன்.

— இடைஞ்சல் இல்லையாக்கும்! நேத்து உன் டீயில பாதிய என் வேட்டிதான் குடிச்சுது.

— மாதாவே, அதையே எத்தனை தடவ சொல்லுவ?

— தண்ணி விட்டாச்சு, உரம் வேணாம்னு பயிர்கிட்ட என்னைக்காவது சொல்லிருக்கியா? நடையும் நட, மாத்திரையும் போடு. எதுக்கு ரெண்டையும் மோத விடுற?

— உனக்குப் புரியாதுய்யா. மாத்திரை போட்டா கை ஆடுறது நின்னுரும்.

— நின்னா நல்லதுதானே!

— வீட்டுல எம் பொண்டாட்டி பாத்திமா மேரிகிட்ட என்ன சொல்றது? பைக்குள்ள கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் உருண்டுகிட்டே இருக்குல்ல? நான் ஜெபமாலை உருட்டுறேன்னு நெனச்சிட்டா.

— அட போய்யா!

— நெசமாத்தான். முப்பத்தஞ்சு வருசமா என்னைய கோயிலுக்குக் கூப்பிட்டே தொண்டை வத்துனவ. இப்ப, அவ ஆபரேசன் முடிஞ்சு வந்ததுலேருந்து அவளுக்காகத்தான் நான் ஜெபிக்கிறேன்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியுறா. பூண்டி மாதாவுக்கு மெழுகுவத்தி வேற. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம்யா. எனக்கு நோவுன்னு தெரிஞ்சா அது போயிரும். அதான் பயமா இருக்கு.

— அதுக்காக நோவ வளப்பியா? டாக்டர் சீட்டு எங்க?

— பட்டா, சிட்டா கட்டுக்குள்ள. அத அவ தொடவே மாட்டா.

— சரி, இந்த வலது பை என்ன, வேற நூல்ல தச்சிருக்கு?

— விரல் உரசி உரசி ஓட்டை விழுந்துருச்சு. போன வாரம் அவதான் தச்சுக் குடுத்தா.

— ஏய்யா, பைய வெளிப்பக்கமாத் திருப்பித்தானே தச்சிருக்கும் தங்கச்சி? உள்ள ஜெபமாலையே இல்லன்னு அதுக்குத் தெரியாமயா இருக்கும்?

— அவ ஒண்ணுமே கேக்கலையேய்யா...

— அது இருக்கட்டும். உன் இடது பைக்குள்ள என்ன? கிளம்புனதுலேருந்து சரசரங்குது.

— பட்டாணிப் பொட்டலமா இருக்கும். காலையில அவதான் ஜிப்பாவ எடுத்துக் குடுத்தா... மாதாவே!

— என்னது?

— மாத்திரை அட்டை. டாக்டர் சீட்டும் இருக்கு. பின்னால அவ கையெழுத்து.

— கை ஆடுனா ஆடட்டும், சத்தமாப் படி.

— ‘நடந்து முடிச்சு, சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்க. ஜெபமாலைய நான் சொல்லிக்கிறேன்.’