மயக்க மருத்துவருக்கு ஐந்து அரங்குகள் சேர்ந்து கொடுத்த ஓய்வு

காரையே வீடாக்கி, சாலையே வாசலாக்கி, ஊசியும் மருந்துமாய் ஊர் ஊராய் உலா வந்த உத்தமரே! நோயாளிகளை நொடியில் உறங்க வைத்து, எங்களை மட்டும் ஒரு நாளும் நிம்மதியாக உறங்க விடாத உறக்கத்தின் உரிமையாளரே! வருகிறேன் என்று வாக்களித்து, வழிமேல் விழி வைக்கச் செய்து, வந்தபின் சிரித்தே சமாளித்த வித்தகரே! வணக்கம்.

முதலில் ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறோம். வேலை கொடுத்தவர்தான் ஓய்வும் கொடுக்க வேண்டும். தாங்களோ எந்த மருத்துவமனைக்கும் ஊழியர் இல்லை. சொந்தமாக மயக்க மருத்துவர் வைத்துக்கொள்ள வசதி இல்லாத இந்த ஐந்து சின்ன மருத்துவமனைகளும் அறுவைச் சிகிச்சை என்றால் தங்களைத்தான் கூப்பிடும். தாங்கள் காரைக் கிளப்பிக்கொண்டு வருவீர்கள், ஒருவரை மயக்குவீர்கள், எழுப்புவீர்கள், அடுத்த ஊருக்குப் பறப்பீர்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் நடந்தது. எந்த இடத்திலும் தங்களுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது, சட்டை மாட்ட ஒரு ஆணி கிடையாது. மாற்றுச் சட்டை பின்சீட்டில், தலையணை அதன்மேல், சாப்பாடு ஸ்டியரிங்குக்கும் மடிக்கும் நடுவில். இப்படிப்பட்டவருக்கு ஓய்வு கொடுக்கும் அதிகாரம் யாருக்குமே இல்லை என்று தெரிந்ததும், ஐந்து அறுவை அரங்குகளின் பணியாளர்களும் ஒன்றுகூடி அந்த அதிகாரத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். ஒவ்வோர் அரங்கிலும் தொலைபேசிக்கு மேலே சுவரில் எழுதியிருந்த தங்கள் எண்ணை இன்று காலை அழித்துவிட்டோம். இனி எங்களில் யாரும் தங்களைக் கூப்பிட மாட்டோம்.

பாராட்டு மடல் என்றால் அருங்குணங்களை அடுக்க வேண்டுமாம். அடுக்குகிறோம். முதல் அருங்குணம் தாமதம்.

இதோ தங்கள் எதிரே நின்று இம்மடலை வாசிக்கிறாரே எங்களில் ஓர் அரங்கின் தலைமைச் செவிலியர், நாங்கள் அனைவரும் அக்கா என்று அழைப்பவர், அவர் தங்களை எதிர்பார்த்தே கண் பூத்துப் போனவர். தொலைபேசியில் அவர் நயமாகத்தான் ஆரம்பிப்பார். "சார், எங்க வந்துட்டு இருக்கீங்க?" தாங்களும் நயமாகவே பதில் சொல்வீர்கள். "பாலத்துக்கிட்ட வந்துட்டேன் சிஸ்டர்." "எந்தப் பாலம் சார்? ஊருக்குள்ள வர்றதுக்குள்ள மூணு பாலம் இருக்கு." "கடைசிப் பாலம்தான்னு வெச்சுக்குங்களேன்." அந்தப் பாலத்தை நம்பிக் கையைக் கழுவி, கையுறையும் மாட்டிவிட்ட சர்ஜன் அம்மா, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நிற்பார். எதையும் தொடக்கூடாது, உட்காரவும் முடியாது. "எவ்வளவு நேரம் நான் இப்படியே கும்பிட்டுக்கிட்டு நிக்கறது? சாமி இன்னைக்கு வருமா வராதா?" என்று அவர் கேட்டதை அக்கா தங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. இன்று சொல்லியாயிற்று.

சரி, வந்ததும் வேலையைத் தொடங்குவீர்களா என்றால், அதுதான் இரண்டாவது அருங்குணம். நோயாளியின் தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊரில் இருக்கிற நேரமெல்லாம் தங்களுடையது என்பதுபோல் விசாரிப்பீர்கள். "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?" அவரும் வெள்ளந்தியாகச் சொல்வார், "ஒண்ணும் சாப்பிடல டாக்டர். டீயில தொட்டு ரெண்டே ரெண்டு பிஸ்கட்." அவ்வளவுதான், பையை மூடிவிடுவீர்கள். "வயிறு காலியா இருக்கணும். தூக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழல்ல போச்சுன்னா ஆளே போயிடுவார். நாளைக்குப் பார்த்துக்கலாம்." உறவினர்கள் கெஞ்சுவார்கள். மருத்துவமனை உரிமையாளர் தையா தக்கா என்று குதிப்பார். தாங்கள் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அன்றைய ஏற்பாடு அத்தனையும் பாழ், துடைத்து வைத்த கருவிகளை மறுபடி வேகவைத்துத் துடைப்பது எங்கள் பாடு.

மூன்றாவது குணத்தைத் தங்களிடமிருந்து எங்களால் கறக்கவே முடியவில்லை. இந்த மடலை எழுதத்தான் ஐந்து இடத்துப் பணியாளர்களும் முதன்முறையாக ஒரே அறையில் உட்கார்ந்தோம். அவரவர் மனத்தாங்கலைக் கொட்டினோம். அக்கா கேட்டார், "எங்ககிட்ட கேஸ் முடிஞ்சாலும் சார் கிளம்ப மாட்டார். அந்தாளு கண்ணைத் திறந்து, வாயைத் திறந்து, ஒழுங்கா ஒரு பேச்சு பேசற வரைக்கும் தலைமாட்டுலயே உட்கார்ந்திருப்பார். நாங்க பார்த்துக்கறோம்னு சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டார். உங்ககிட்ட எல்லாம் சட்டுனு கிளம்பிடுவாரா?" இன்னோர் அரங்கின் செவிலியர் சொன்னார், "எங்ககிட்டயும் அப்படித்தான். எங்க இடத்துக்குப் பக்கத்துல வேற வேலை ஒண்ணும் இல்லாததால உட்கார்ந்திருக்கார்னு நினைச்சோம்." ஒவ்வோர் இடமும் அதையே சொன்னது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஓரிடத்தில் எழுந்திருக்க மறுத்ததுதான் மற்ற நான்கு இடங்களில் தாமதமாகியிருக்கிறது. பாலமும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் என்ன சார்? இத்தனை வருடம் வீணாகத் திட்டியிருக்க மாட்டோமே. கொஞ்சமாவது குறைத்துத் திட்டியிருப்போம்.

போகட்டும். இனி இம்மடலின் விஷயத்துக்கு வருகிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அரங்க விளக்கின் கீழே தாங்கள் முகக்கவசத்தைச் சரிசெய்தபோது அக்கா தங்கள் கண்ணைப் பார்த்தார். "சார், இப்படித் திரும்புங்க. கண்ணு மஞ்சளா இருக்கு." "லைட்டு அப்படித் தெரியுது சிஸ்டர்." "லைட்டு என் கண்ணுலயும்தான் அடிக்குது." பித்தப்பையில் இருந்த கற்களில் ஒன்று நழுவிப் பித்தக்குழாயை அடைத்திருந்தது. குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள், காமாலை இறங்கியது. மீதிக் கற்களோடு பை உள்ளேயே இருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும், அடுத்த கல் நழுவினால் கணையம் வீங்கும், அப்புறம் என் கையில் எதுவும் இல்லை என்று சர்ஜன் அம்மா தங்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தாங்களும் பெரிய மனிதராகத் தலையாட்டினீர்கள்.

தங்களுக்கு மயக்கம் கொடுக்க இந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். தங்களைப் போலவே காரில் சுற்றும் நெட்டை டாக்டர். ஓர் அரங்குக்கு ஒரு மயக்க மருத்துவர் போதும் என்பதால் தாங்கள் இருவரும் ஒருவர் வேலை செய்து மற்றவர் பார்த்ததே இல்லை. பெட்ரோல் பங்கில் வண்டிக்குள் இருந்தபடியே கையாட்டிக்கொள்வதோடு சரி.

முதல் தடவை நாள் குறித்தோம். பச்சை அங்கி போட்டுக்கொண்டு சமர்த்தாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். கேட்க வேண்டிய முறைக்காக அக்கா கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று. "இப்பதான் சிஸ்டர், வர்ற வழியில ரெண்டு பிஸ்கட்." பிஸ்கட் தின்ற ஊரார் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பியவர், என்ன தின்றால் தப்பிக்கலாம் என்று தெரிந்தே தின்றுவிட்டு வந்திருக்கிறார். நெட்டை டாக்டர் பையை மூடினார். தாங்கள் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளக்கூட மெனக்கெடவில்லை.

இரண்டாம் தடவை தங்கள் வீட்டம்மா பிஸ்கட் டப்பாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தள்ளுவண்டிக் கட்டிலில் படுக்கவைத்து அரங்க வாசல்வரை கொண்டு வந்துவிட்டோம். தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த தங்கள் கைப்பேசி அடித்தது. பக்கத்து ஊரில் அவசரப் பிரசவம். "நான் போயே ஆகணும்" என்று எழுந்து உட்கார்ந்தீர்கள். "நெட்டை டாக்டர் இதோ நிக்கறாரே, அவர் போயிட்டு வரட்டுமே" என்றார் அக்கா. "அவருக்கு அங்க வழி தெரியாது சிஸ்டர்." அந்த வழியில் அவர் எத்தனையோ வருடமாகப் போய்வருகிறார், அவரே அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அங்கியின்மேலேயே காற்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். முதுகுப்பக்கம் முடிச்சு அவிழ்ந்து அங்கி பறக்க, காரை நோக்கி ஓடியவரை அங்கிருந்த அனைவரும் கண்ணாரக் கண்டோம். அந்தத் தாயும் சேயும் நலம். எங்களுக்குத்தான் தலையில் அடித்துக்கொண்டு கை வலித்தது.

அக்கா நேரே தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். "இவருக்கு உயிர்மேல ஆசையே இல்லையா?" என்று வீட்டம்மாவிடம் சண்டைக்கே போனார். வீட்டம்மா அக்காவை உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாராம், "ஆசை இருக்கறதாலதான்மா இந்தக் கூத்து. ராத்திரி என்கிட்ட கேக்கறார், எல்லாரும் தூங்கறப்ப நான் முழிச்சிருந்தேன், நான் தூங்கினா எனக்காக யார் முழிச்சிருப்பாங்கன்னு." அக்கா கொண்டுபோன கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் அழுதார் என்பதை அவர் மறைக்கச் சொன்னார், நாங்கள் மறைக்கவில்லை.

சார், தாங்கள் பயப்படுகிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மயக்க முகமூடியைக் கண்டு எத்தனை பேர் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருப்பார்கள். ஒருவரையாவது கோழை என்றீர்களா?

ஆகவே மூன்றாம் தடவையாக, நாளைக் காலைக்கு நாள் குறித்திருக்கிறது. விழா தொடங்கியதிலிருந்து தாங்கள் வாசலையே பார்ப்பதைக் கவனித்தோம். பலகாரத் தட்டு எதுவும் வராது. கொழுப்பும் நெய்யும் தங்கள் பித்தப்பைக்கு ஆகாது, வீட்டம்மா கொண்டுவந்த கஞ்சிதான் இரவுக்கு. தங்கள் காரைச் சோதித்து, சீட்டின் சந்துபொந்துகளில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை அரங்க உதவியாளர் அண்ணன் பறிமுதல் செய்துவிட்டார். கார்ச் சாவியும் கைப்பேசியும் நாளை தாங்கள் கண் திறக்கும்வரை அக்காவிடம். நாளை ஐந்து அரங்குகளிலும் வேறு வேலை வைக்கவில்லை, அவசரம் என்று யாராவது வந்தால் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வண்டி தயாராக நிற்கிறது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே நெட்டை டாக்டர், அவரிடம் அக்கா போய்க் கேட்டார். என்ன கேட்டார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் சொன்ன பதிலை மட்டும் அப்படியே தருகிறோம். "நான் இன்னைக்கே வந்து டூட்டி ரூம்ல படுத்துக்கறேன். அவர் கண்ணு முழிச்சு என்கிட்ட ஒழுங்கா ஒரு பேச்சு பேசற வரைக்கும் தலைமாட்டை விட்டு எழுந்திரிக்க மாட்டேன். யார் கூப்பிட்டாலும் சரி." அவர் சுற்றும் ஊர்களிலும் அவரைப் பற்றி இதே புகார்தானாம், எழுந்திருக்கவே மாட்டார் என்று. விசாரித்துவிட்டோம்.

மடலின் முடிவில், நோய் நொடி இல்லாமல் நூறாண்டு வாழ்க என்று வாழ்த்த வேண்டும். அந்த வரியை எழுத அக்கா மூன்று முறை உட்கார்ந்தார், மூன்று முறையும் அடித்துவிட்டார். வாழ்த்தை வாங்கிக்கொண்டு, கைகூப்பிச் சிரித்துவிட்டு, கல்லோடு காரில் ஏறிப் போய்விடுவீர்கள் என்று அவருக்குத் தெரியும். எனவே கண்ணாடிச் சட்டத்துக்குள் கடைசி இரண்டு வரிகளுக்கு இடம் வெறுமையாக விட்டிருக்கிறோம். நாளை தாங்கள் கண் திறந்து பேசிய பிறகு, தங்கள் கட்டிலருகே நின்று எங்கள் கையாலேயே அதை எழுதித் தருகிறோம். அதுவரை தங்களுக்கு எங்கள் வாழ்த்து கிடையாது.

விடிந்ததும் வாருங்கள் சார். நாங்கள் எல்லோரும் முழித்திருப்போம்.

இப்படிக்கு,
கையெழுத்தை நாளைக்கு ஒத்திவைத்திருக்கும்
ஐந்து அறுவை அரங்குகளின் பணியாளர்கள்