உதிராத பூவுக்கு ஒரு பெயர்

— அம்மா பேர மட்டும் வைக்காதக்கா.

— ஏண்டி? பதினாலு வருஷமா ரெண்டு ஜாதி மரத்தைச் சேர்த்துச் சேர்த்து நான் உண்டாக்குன மரம். பேர் வைக்கிறது என் உரிமை. சாயங்காலத்துக்குள்ள இந்த ஃபாரம் புது ரகப் பதிவு ஆபீஸுக்குப் போகணும்.

— இத்தனை நாளா நாப்பத்தொண்ணுன்னு நம்பர் சொல்லித்தானே கூப்பிட்ட? அதையே எழுதேன்.

— விளையாடாத. ‘பெயர்க் காரணம்’னு ஒரு கட்டம் இருக்கு பாரு, அதுலயும் எழுதிட்டேன். ‘வாசல் மரத்துப் பூவைப் பெருக்கிப் பெருக்கியே முதுகு ஒடிந்த என் தாய்க்கு. இதன் பூ உதிராது. கிளையிலேயே காய்ந்து பொடியாகும்.’

— நல்லாத்தான் இருக்கு. படிக்கிறவங்க மூக்கை உறிஞ்சுவாங்க.

— குத்தாதடி. அம்மா போறதுக்கு முன்னாடி ரெண்டே நாள்தான் வந்து உட்கார்ந்தேன். ஒத்துக்கிறேன். இதையாவது செய்ய விடு.

— நாம சின்னதா இருக்கறப்ப அம்மா எவ்வளவு நேரம் பெருக்குவா?

— ஒரு மணி நேரம் இருக்கும்.

— அந்த வாசலுக்கு அஞ்சு நிமிஷம் போதும்க்கா. அப்பா அவளை எங்க வெளிய விட்டார்? அவ கையில தொடப்பம் இருந்தா மட்டும் அவர் வாயைத் தொறக்க மாட்டார். எதிர்வீட்டுத் தையக்காரம்மாவோட அவ சிரிச்சுப் பேசுனதெல்லாம் அப்பதான். பூ கம்மியா விழுந்தா அவளே கிளையைப் பிடிச்சு உலுக்கிவிடுவா.

— அப்புறம் ஏன் ஒவ்வொரு கடுதாசியிலயும் அப்படிப் புலம்புனா? ‘பெருக்கியே முதுகு போச்சு, பூ உதிராத மரம்னு ஒண்ணு இருக்கக் கூடாதா’ன்னு? கையெழுத்துத்தான் உன்னோடது, சொன்னது அம்மாதானே?

— அந்தக் கடுதாசி எழுதுன வருஷமெல்லாம் முட்டி போயி அம்மா வாசல் பக்கமே வரலை. நீ ஒருதரம் வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

— அப்ப பெருக்குனது?

— வேற யாரு, நான்தான். ஆபீஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அம்மாவைக் குளிப்பாட்டிட்டு. போனது என் முதுகு.

— அதை அப்படியே எழுதியிருக்கலாமேடி.

— எழுதியிருந்தா? தங்கச்சிக்கு முதுகு வலின்னு நீ பதினாலு வருஷம் மண்ணுல கெடந்திருப்பியா?

— இப்ப எதுக்குடி அதைக் கேக்குற?

— சும்மா சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்.

— மாட்டேன்டி. கெடந்திருக்க மாட்டேன்… அந்த வெள்ளை மையை எடு, அம்மா பேரை அழிக்கணும். காரணத்துல ‘தாய்க்கு’ங்கற ஒரு வார்த்தைதான் தப்பு.